ரத்த சீரத்தில் ரிஃபாம்பிசின்: ஒரு எச்.பி.எல்.சி. முறையை உருவாக்கும் வழி

எச்.பி.எல்.சி. என்பது கலவையைத் துகள் நிரப்பிய ஒரு குழாய் (நிரல்) வழியே நீர்ம ஓட்டத்தில் தள்ளிப் பிரித்து, ஒளி உறிஞ்சலால் அளக்கும் கருவி. காசநோய்க்கான ரிஃபாம்பிசினை ரத்தத்தில் அளக்க வேண்டும் என்று ஒரு ஆய்வகத்திடம் கேட்டால், முதலில் எந்த நிரல் வாங்குவது, எந்த அலைநீளம் வைப்பது என்றுதான் பேச்சு தொடங்கும். இந்த மருந்தைப் பொறுத்தவரை அவை இரண்டும் சுலபமான பகுதி. செந்நிறம், பெரிய மூலக்கூறு, நல்ல ஒளி உறிஞ்சல், மில்லிகிராம் அளவில் செறிவு என்று கருவிக்குப் பிடித்த குணமெல்லாம் இதற்கு உண்டு. கஷ்டம் கருவிக்கு வெளியே இருக்கிறது. ரத்தம் எடுத்த குழாய் வார்டில் காத்திருக்கும் நேரத்திலும், தரக்கரைசல் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஆய்வக மேசையில் வெளிச்சத்தில் நிற்கும் நேரத்திலும் மருந்து சிதைந்து குறைந்துபோகிறது. அதைப் பிடிக்காத முறை எவ்வளவு அழகான பீக் (வரைபடத்தில் மருந்துக்கு எழும் கூம்பு) கொடுத்தாலும் தப்பான எண்ணைத்தான் கொடுக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாத ஆய்வகம். ஒரு சாதாரண எச்.பி.எல்.சி., டயோடு அரே டிடெக்டர் (பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் உறிஞ்சலைப் பார்ப்பது), குளிர்விக்கும் வசதியுள்ள ஆட்டோசாம்ப்ளர் (மாதிரிகளைத் தானே ஏற்றும் பகுதி), -80 டிகிரி ஃப்ரீசர், இவ்வளவுதான் கையில். நோயாளியிடமிருந்து மாத்திரை போட்ட 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் ரத்தம் வரும்.

தேவையான அளவு வரம்பு

இந்தியாவில் பெரியவர்களுக்குத் தரப்படும் நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150 மி.கி., ஐசோனியசிட் 75, பைரசினமைட் 400, எத்தாம்ப்யூட்டால் 275 மி.கி. இருக்கின்றன. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்கு 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோவுக்கு 4 மாத்திரை. ஆக ஒரு நாளைக்கு ரிஃபாம்பிசின் 450 அல்லது 600 மி.கி. உச்ச செறிவு 8 முதல் 24 மி.கி./லி. வரை இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் இலக்கு. நடைமுறையில் 8-க்குக் கீழே விழுகிறவர்கள்தான் மருத்துவர் தேடும் ஆட்கள். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., குடல் உறிஞ்சல் கோளாறு உள்ளவர்களிடம் இதை அடிக்கடி எதிர்பார்க்கலாம். எனவே 1 மி.கி./லி. சுற்றுவட்டாரத்தில் எண் நம்பகமாக இருக்க வேண்டும். உயர் டோஸ் கொடுக்கப்படுபவரின் மாதிரி மேலே போகும். 0.25 முதல் 40 மி.கி./லி. வரை என்று வரம்பு வைத்தால் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

பழைய காலத்தில் இதை நுண்ணுயிர் வளரும் தட்டில் அளந்தார்கள். ரிஃபாம்பிசினின் முக்கிய வளர்சிதைப் பொருளான 25-டீஅசிட்டைல் ரிஃபாம்பிசினும் கிருமியைத் தடுக்கும் என்பதால் தட்டு இரண்டையும் சேர்த்தே சொல்லும். நோயாளி வேறு ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். பிரித்து அளக்க வேண்டிய காரணம் அதுதான். காசநோய் மருந்துகளின் ரத்த அளவு தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமல்ல: சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஐசோனியசிட்டை உடல் எவ்வளவு வேகமாக அசிட்டைலேற்றம் செய்கிறது என்ற கேள்வியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்தது.

மூலக்கூறு எங்கே உடையும்

மூலக்கூறு எடை 822.94. அதனால் 1 மி.கி./லி. என்பது 1.215 மைக்ரோமோல்/லி. இரண்டு அயனியாகும் இடங்கள்: ஹைட்ராக்சில் பக்கம் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் அயனியாக இருக்கும் பி.எச்.) 1.7, பிப்பரசின் நைட்ரஜன் பக்கம் 7.9. இடைப்பட்ட பி.எச்.-இல் ஒரே மூலக்கூறு நேர்மின்னும் எதிர்மின்னும் சுமந்து நிற்கும். இரண்டும் சரிசமமாகும் சமமின் புள்ளி 4.8 அளவில்.

உடையும் வழிகள் மூன்று. காற்றுப் பட்ட காரத்தன்மையில் நாஃப்தோஹைட்ரோகுவினோன் பகுதி ஆக்சிஜனேற்றமாகி ரிஃபாம்பிசின் குவினோன் ஆகும். காரத்தில் காற்றைத் தடுத்தால் அசிட்டைல் குழு கழன்று, நோயாளியின் உடலிலேயே உண்டாகும் அந்த டீஅசிட்டைல் பொருள் வரும். அமிலத்தில் ஹைட்ரசோன் பிணைப்பு உடைந்து 3-ஃபார்மைல் ரிஃபாமைசின் வரும்; பக்கத்தில் ஐசோனியசிட் இருந்தால் அது இதோடு சேர்ந்து புதிய ஹைட்ரசோனாக மாறி, உடைதலை முன்னுக்கு இழுக்கும். காசநோய் நோயாளியின் சீரத்தில் ஐசோனியசிட் இல்லாமல் இருக்காது. ஆகவே சீரத்தின் புரதத்தை வீழ்த்த (திரளவைத்து நீக்க) ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலமோ பெர்குளோரிக் அமிலமோ போடும் யோசனையை முதல் நாளே கைவிட வேண்டும்.

சீரத்தின் பி.எச். 7.4 என்று புத்தகம் சொல்லும். மூடி திறந்த குழாயில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்க, அது 8-ஐத் தாண்டிவிடும். ஆறப்போட்ட சீரத்தில் ஆக்சிஜனேற்றம் வேகமெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது இந்த மாதிரிக்கு ஆகாது.

குழாயிலிருந்து ஃப்ரீசர் வரை

ஜெல் போட்ட குழாய் வேண்டாம். கொழுப்பில் கரையும் மருந்துகளை ஜெல் இழுத்துக்கொள்ளக்கூடும், இந்த மருந்துக்கு இழுக்கவில்லை என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியே நிரூபிக்க வேண்டிவரும். சாதாரண சிவப்பு மூடிக் குழாய் போதும். ரிஃபாம்பிசின் ஊசியாக ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கையிலிருந்து ரத்தம் எடுக்கக் கூடாது. எடுத்ததும் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி 30 நிமிடம் உறைய விட்டு, 2000 ஜி-யில் (புவியீர்ப்பின் 2000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். பிரித்த சீரம் 1 மி.லி.-க்கு, அன்றைக்கே கரைத்த 50 மி.கி./மி.லி. அஸ்கார்பிக் அமிலம் 20 மைக்ரோலிட்டர். இறுதிச் செறிவு ஏறத்தாழ 1 மி.கி./மி.லி. கலக்கி, பழுப்பு நிறக் குழாயில் மூடி, -80 டிகிரிக்கு.

அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனை முந்திக்கொண்டு தான் ஆக்சிஜனேற்றமாகும். உண்டான குவினோனைத் திரும்ப ரிஃபாம்பிசினாக ஒடுக்கவும் அதால் முடியும். இதனால் ஒரு சிக்கல் உண்டு: ஒரு குழாயில் உடனே சேர்த்து, இன்னொன்றில் நான்கு மணி நேரம் கழித்துச் சேர்த்தால், இரண்டின் எண்களையும் ஒப்பிட முடியாது. சேர்க்கும் நேரம் படிவத்தில் பதிவாக வேண்டும். அஸ்கார்பிக் அமிலம் கலந்த சீரத்தை உயிர்வேதியியல் பிரிவுக்கு அனுப்பவும் கூடாது. பெராக்சிடேஸ் நொதியை நம்பி நடக்கும் குளுக்கோஸ், கொழுப்புச் சோதனைகளை அது குலைக்கும். அவர்களுக்குத் தனிக் குழாய்.

படிவத்தில் இருக்க வேண்டிய இன்னொன்று, மாத்திரை விழுங்கிய நேரம். ‘காலை 8 மணி’ என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

எந்த அலைநீளம்

நடுநிலைப் பஃபரில் ரிஃபாம்பிசினின் உறிஞ்சல் உச்சங்கள் 237, 255, 334, 475 நானோமீட்டரில் வரும். மோலார் உறிஞ்சல் முறையே ஏறத்தாழ 33,200, 32,100, 27,000, 15,400. பலர் 254-ஐ எடுப்பது பழக்கத்தால். அங்கே ஐசோனியசிட், பைரசினமைட், அஸ்கார்பிக் அமிலம், சீரத்தின் நூறு பொருள்கள் எல்லாம் தெரியும். 334-க்குப் போனால் உணர்திறனில் ஆறில் ஒரு பங்கு குறையும். பதிலுக்கு முதல் மூன்று நிமிடக் குப்பை மறைந்துவிடும், ஐசோனியசிட்டும் பைரசினமைட்டும் கண்ணில் படாது. எத்தாம்ப்யூட்டால் எந்த அலைநீளத்திலும் தொல்லை தராது. 475-க்குப் போகலாமே என்று தோன்றும். காசநோய் மருந்தால் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தவரின் சீரம் வரும்போது பிலிருபின் அந்தப் பகுதியில்தான் உறிஞ்சும். அளவீட்டுக்கு 334, சாட்சிக்கு 255, இப்படி இரண்டையும் பதிவு செய்வது நல்லது. தரக்கரைசலில் இரண்டு அலைநீளத்துப் பரப்புகளின் விகிதம் 1.2-ஐ ஒட்டி வரும். மொபைல் ஃபேஸைப் (நிரல் வழியே ஓடும் நீர்மம்) பொறுத்து கொஞ்சம் நகரும் என்பதால் சொந்தக் கருவியில் எடுத்த விகிதத்தையே அளவுகோலாக்க வேண்டும். நோயாளியின் பீக்கில் அந்த விகிதம் 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் பீக்குக்குள் வேறு எதுவோ ஒளிந்திருக்கிறது.

டீஅசிட்டைல் பொருளிடம் இந்தத் தந்திரம் எடுபடாது. அதற்கும் அதே நிறக்கூறு, அதே நிறமாலை. நிரலில்தான் பிரித்தாக வேண்டும்.

மொபைல் ஃபேஸ்: பஃபர் உண்மையிலேயே பஃபரா

எண்ட்-கேப் செய்த (சிலிக்காவின் மிச்ச இடங்கள் மூடப்பட்ட) சி18 (18 கார்பன் சங்கிலி பூசிய) நிரல், 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம், 5 மைக்ரோமீட்டர் துகள், முன்னால் அதைக் காக்கும் சிறு கார்டு நிரல். வெப்பம் 30 டிகிரி, ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.லி.

பல செய்முறைகளில் ‘பாஸ்பேட் பஃபர், பி.எச். 4.5’ என்று பார்க்கலாம். பாஸ்பேட்டின் பி.கே.ஏ. 2.1-உம் 7.2-உம், 4.5-இல் அது உப்புத் தண்ணீர், பஃபர் அல்ல. மீட்டர் காட்டும் எண் ஒரு சொட்டு அமிலத்தில் துள்ளும், அடுத்த முறை தயாரிக்கும்போது வேறாக இருக்கும். 7-க்குப் போனால் பாஸ்பேட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மருந்தின் 7.9-க்கு அருகில் வந்துவிடுவதால் ரிட்டென்ஷன் (மருந்து நிரலில் தங்கும் நேரம்) நகரும், பீக் வால் நீளும், மருந்தும் கெடும். 2.5-க்குப் போனால் அமில உடைவு. மிச்சம் இருப்பது அசிட்டேட்: பி.கே.ஏ. 4.76, மருந்தின் சமமின் புள்ளியும் அங்கேயே. ரிஃபாம்பிசினின் மின்சுமை அந்தப் பகுதியில் மாறாமல் கிடப்பதால் பி.எச். அரைப் புள்ளி தவறினாலும் பீக் பெரிதாக நகராது.

செய்வது: அம்மோனியம் அசிட்டேட் 1.54 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 20 மில்லிமோலார். கிளேசியல் அசிட்டிக் அமிலத்தால் பி.எச். 4.8-க்குக் கொண்டுவந்து, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். பி.எச். பார்ப்பது அசிட்டோநைட்ரைல் சேர்ப்பதற்கு முன்பு. பிறகு பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும். பஃபர் 580 மி.லி., அசிட்டோநைட்ரைல் 420 மி.லி., இரண்டையும் தனித்தனியே அளந்து கலக்கவும். 1 லிட்டர் குடுவையில் 420 ஊற்றிக் கோடு வரை பஃபரால் நிரப்பினால் விகிதம் வேறாகிவிடும்; இரண்டும் கலக்கும்போது கன அளவு சுருங்கும்.

இந்த 42 விழுக்காடு ஒரு தொடக்கப் புள்ளி. 36, 39, 42, 45 என்று நான்கு ஓட்டம் ஓட்டி, ரிஃபாம்பிசினின் ரிட்டென்ஷன் காரணி (ஒட்டாத பொருள் கடக்கும் நேரத்தைப்போல் எத்தனை மடங்கு கூடுதலாகத் தங்குகிறது என்ற எண்) 3 முதல் 5-க்குள்ளும், டீஅசிட்டைல் பொருளோடு ரெசல்யூஷன் (இரு பீக்குகளின் பிரிவு) 2-க்கு மேலும் இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். டீஅசிட்டைல் முன்னால் வரும், அது முனைவுத்தன்மை கூடியது. குவினோன் எங்கே வருகிறது என்பதை ஊகிக்காமல், தரப்பொருளை ஏற்றிப் பார்த்து குறித்துக்கொள்ள வேண்டும். தரப்பொருள் கிடைக்காவிட்டால் ரிஃபாம்பிசினையே பி.எச். 9 பஃபரில் 37 டிகிரியில் சில மணி நேரம் வைக்கலாம்: ஒரு குழாய் காற்றுப் பட, ஒன்று அஸ்கார்பிக் அமிலத்தோடு. முதலாவதில் வளரும் பீக் குவினோன், இரண்டாவதில் வளர்வது டீஅசிட்டைல். பி.எச். 2.5-இல் இன்னொரு குழாய், ஐசோனியசிட் போட்டும் போடாமலும். அளவுக் கணக்குக்கு இது உதவாது, இடம் தெரிய இது போதும்.

பெரிய மூலக்கூறு என்பதால் அசிட்டோநைட்ரைல் விழுக்காடு சற்றே மாறினாலும் பீக் ஓடும். சாய்வெண்ணை (விழுக்காடு மாறும்போது ரிட்டென்ஷன் எவ்வளவு மாறும் என்பதன் அளவு), மூலக்கூறு எடையின் வர்க்கமூலத்தில் கால் பங்கு என்ற வழக்கமான மதிப்பீட்டில் வைத்தால் 7.2 வரும். அப்படியானால் 42 விழுக்காடு 41 ஆனால் ரிட்டென்ஷன் காரணி 1.18 மடங்கு ஏறும். இறந்த நேரம் (ஒட்டாத பொருள் நிரலைக் கடக்கும் நேரம்) 1.5 நிமிடம், காரணி 3 என்றால் பீக் 6 நிமிடத்தில் நிற்கும். ஒரு விழுக்காடு குறைந்ததும் 6.8-க்குப் போய்விடும். மே மாதத்தில் மூடி தளர்ந்த பாட்டிலில் அசிட்டோநைட்ரைல் ஆவியாகி, காலையில் 6 நிமிடத்தில் வந்த பீக் மாலையில் 6.5-இல் வந்தால் நிரலைத் திட்ட வேண்டியதில்லை. பாட்டில் மூடியைப் பார்க்கவும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட்

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் என்பது எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்த்து, மருந்தின் பீக்கை அதோடு விகிதமாகப் பார்க்க உதவும் பொருள். அதற்கு ரிஃபாபென்டின் இயல்பான தேர்வு. அமைப்பில் ரிஃபாம்பிசினின் உடன்பிறப்பு, 334-இல் அதே உறிஞ்சல், சைக்ளோபென்டைல் குழு இருப்பதால் நன்றாகத் தள்ளி வரும். அதுவும் ஆக்சிஜனேற்றமாகும் என்பது ஒரு பக்கம் வசதி. வயலில் (ஆட்டோசாம்ப்ளரில் வைக்கும் சிறு குப்பியில்) இருவரும் சேர்ந்து குறைந்தால் விகிதம் ஓரளவு தப்பிக்கும். ஆனால் அதே காரணத்தால் வயலில் நடக்கும் கேடு மறைந்துபோகும். விகிதத்தை மட்டும் பார்க்காமல் வரிசை முழுதும் ரிஃபாபென்டினின் தனிப் பரப்பையும் வரைபடமாகப் பார்க்க வேண்டும்; சரிந்துகொண்டே போனால் ஆட்டோசாம்ப்ளர் குளிரவில்லை என்று பொருள். வார்டில் நடந்த இழப்பை எந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டும் காட்டாது, ஏனென்றால் அது ஆய்வகத்தில்தான் சேர்கிறது.

காசநோய்த் தடுப்புக்கு வாரம் ஒருமுறை ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டினும் இப்போது கொடுக்கப்படுகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 13 மணி நேரம், சில நாட்களில் போய்விடும். இருந்தாலும் தடுப்பு சிகிச்சையிலிருந்து முழுச் சிகிச்சைக்கு மாறியவரின் மாதிரி வந்தால், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் சேர்க்காமல் ஒரு பகுதியைத் தனியே ஏற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். சீரத்திலிருந்த ரிஃபாபென்டின் கூடச் சேர்ந்தால் விகிதம் குறையும், ரிஃபாம்பிசின் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

மாதிரித் தயாரிப்பும் ஒரு சிறு கணக்கும்

சீரம் 200 மைக்ரோலிட்டர். ரிஃபாபென்டின் 100 மைக்ரோகிராம்/மி.லி. மெத்தனால் கரைசல் 20 மைக்ரோலிட்டர். 10 வினாடி கலக்கவும். அசிட்டோநைட்ரைல் 600 மைக்ரோலிட்டர், வோர்டெக்ஸ் ஓடும்போதே சேர்க்க வேண்டும். நின்ற குழாயில் ஊற்றினால் புரதம் கட்டியாக உருண்டு, தன்னோடு ஒட்டியிருந்த மருந்தையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். ரத்தத்தில் இந்த மருந்தின் 80 விழுக்காடு அளவு புரதத்தோடுதான் இருக்கிறது. 1 நிமிடம் வோர்டெக்ஸ், 10,000 ஜி-யில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ்.

மேல் தெளிவை அப்படியே 50 மைக்ரோலிட்டர் ஏற்றினால் பீக் முன்பக்கம் வீங்கும், சில நேரம் இரண்டாகப் பிளக்கும். காரணம், மாதிரியில் 73 விழுக்காடு அசிட்டோநைட்ரைல், மொபைல் ஃபேஸில் 42. மருந்தின் ஒரு பகுதி நிரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆகவே தெளிவு 200 மைக்ரோலிட்டரோடு அசிட்டேட் பஃபர் 200 மைக்ரோலிட்டர் சேர்க்கவும். இப்போது அசிட்டோநைட்ரைல் 37 விழுக்காடு, மொபைல் ஃபேஸைவிடக் குறைவு. பீக் ஒடுங்கி நிற்கும். பஃபர் சேர்த்ததும் லேசாகக் கலங்கும், கொழுப்பு மிகுந்த சீரத்தில் நன்றாகவே கலங்கும். மறுபடி 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யாமல் வயலுக்கு மாற்றினால் கார்டு நிரல் அடைபடும்.

நீர்த்து ஏற்றுவதற்குப் பதில் 10 மைக்ரோலிட்டர் மட்டும் ஏற்றினால் என்ன? கணக்குப் போடலாம். 820-ஐ 200-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் மொத்த நீர்ப்பு 8.2 மடங்கு. 0.25 மி.கி./லி. சீரம் வயலில் 30.5 நானோகிராம்/மி.லி. ஆகும், 50 மைக்ரோலிட்டரில் 1.5 நானோகிராம். 6 நிமிடத்தில் வரும் பீக்குக்குத் தட்டு எண் (நிரலின் பிரிக்கும் திறனைச் சொல்லும் எண்) 10,000 என்றால் திட்ட விலக்கம் 60 மைக்ரோலிட்டர், உச்சியில் செறிவு 0.0101 மி.கி./லி., அதாவது 12 நானோமோலார். 27,000-ஆல் பெருக்கி 1 செ.மீ. செல்லில் பார்த்தால் 0.33 மில்லி ஏ.யூ. (ஒளி உறிஞ்சல் அலகு) டிடெக்டர் இரைச்சல் 0.03 என்றால் விகிதம் 11. போதும், ஆனால் கைவசம் மிச்சமில்லை. நீர்க்காமல் 10 மைக்ரோலிட்டர் ஏற்றினால் நிரலுக்குப் போவது 0.6 நானோகிராம், உயரம் 0.13. கீழ் எல்லை (நம்பி அளக்கக்கூடிய மிகச் சிறிய செறிவு, இங்கே 0.25) கைவிட்டுப் போகும். பழைய டியூட்டீரியம் விளக்கோடு இரைச்சல் 0.06-க்கு ஏறிவிட்டாலும் இதே கதிதான். கீழ் எல்லை தவறும்போது முதலில் விளக்கின் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

தரக்கரைசல்: சத்தமில்லாமல் வரும் தவறு

மெத்தனாலில் 1 மி.கி./மி.லி. தாய்க்கரைசல், அஸ்கார்பிக் அமிலம் 0.5 மி.கி./மி.லி. சேர்த்து, பழுப்புக் குப்பியில், சிறு பங்குகளாக -80 டிகிரியில். பொடியின் தூய்மை 97.5 விழுக்காடு என்றால் 10 மி.லி.-க்கு 10.26 மி.கி. எடுக்க வேண்டும். கேலிபரேஷனுக்கும் (கருவியின் பீக்கைச் செறிவாக மாற்றும் கோடு போடுவது) கியூ.சி.-க்கும் (அந்தக் கோட்டைச் சரிபார்க்கும் தரக்கட்டுப்பாட்டு மாதிரி) தனித்தனியே எடை போட்டு, இரண்டும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சீரத்தில் சேர்க்க வேண்டும். சேர்ப்பது 950 மைக்ரோலிட்டர் வெற்றுச் சீரத்துக்கு 50 மைக்ரோலிட்டர் வேலைக் கரைசல், 40 மி.கி./லி. புள்ளிக்கு வேலைக் கரைசல் 800 மைக்ரோகிராம்/மி.லி. பிறகு நோயாளி மாதிரிக்குப் போலவே 20 மைக்ரோலிட்டர் அஸ்கார்பிக் அமிலம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரே தாய்க்கரைசலிலிருந்து கேலிபரேஷனும் கியூ.சி.-யும் செய்து, அந்தக் குப்பி வெளிச்சத்தில் கிடந்து 12 விழுக்காடு கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேலிபரேஷன் கோட்டின் சரிவு 12 விழுக்காடு தாழும். கியூ.சி.-யும் அதே அளவு தாழ்ந்திருப்பதால் பச்சைக்கொடி காட்டும். நோயாளியின் மாதிரி மட்டும் கெடவில்லை. அவருடைய 7.2 மி.கி./லி., 0.88-ஆல் வகுபட்டு 8.2 என்று அச்சாகும். இலக்குக்குக் கீழே இருப்பவர் இலக்குக்குள் வந்துவிட்டார், டோஸ் மாறாது. எந்தப் புள்ளியியலும் இதைக் காட்டிக்கொடுக்காது. தனி எடையும், ஓட்டத்துக்கு ஓட்டம் சரிவைப் பதிவு செய்யும் ஒரு வரைபடமும்தான் காட்டும். சரிவு 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் புதிய எடை போட வேண்டும்.

கேலிபரேஷன் புள்ளிகள் 0.25, 0.5, 1, 2.5, 5, 10, 20, 40. வெற்றுச் சீரமும், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் மட்டும் சேர்த்த சீரமும் கூட. எடையிடாத நேர்கோடு இங்கே கவிழ்த்துவிடும்: கோட்டின் வெட்டுத்துண்டு 0.2 மி.கி./லி. தவறினால் 40-இல் அது அரை விழுக்காடு, 0.25-இல் 80 விழுக்காடு. ஒட்டுறவுக் கெழு 0.9995 என்று காட்டி நிம்மதி தரும். செறிவின் வர்க்கத்தின் தலைகீழை எடையாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் திரும்பக் கணக்கிட்டு எத்தனை விழுக்காடு விலகல் என்று பார்ப்பதே சோதனை.

வேலிடேஷன்

வேலிடேஷன் என்பது முறை நம்பத்தக்கது என்று சோதித்து நிரூபிப்பது. ஐ.சி.எச். (மருந்து ஒழுங்குமுறைகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பு) எம்10 வழிகாட்டி 2022 மே மாதம் ஏற்கப்பட்டது. புதிய மருந்துப் பதிவுக்கான ஆய்வுகளுக்கு எழுதப்பட்டதுதான் என்றாலும் மருத்துவமனை அளவீட்டுக்கும் அதைவிட நல்ல சட்டகம் இல்லை. துல்லியமும் மறுநிகழ்வும் 15 விழுக்காட்டுக்குள், கீழ் எல்லையில் 20. கியூ.சி. நான்கு அளவு: 0.25, 0.75, 15, 32 மி.கி./லி.; ஒவ்வொன்றும் ஓட்டத்துக்கு ஐந்து, குறைந்தது மூன்று ஓட்டம், இரண்டு நாளுக்குக் குறையாமல். தெரிவுத்திறனுக்கு ஆறு தனி நபர்களின் வெற்றுச் சீரம். ரத்த அணு உடைந்து சிவந்த சீரத்தையும் கொழுப்பால் பால்போன்ற சீரத்தையும் விட்டுவிடக் கூடாது. அசிட்டோநைட்ரைலுக்குப் பிறகும் ஹீம் மிஞ்சலாம், அது 334-இல் தெரியும். வழிகாட்டி சொல்லாவிட்டாலும் காமாலைச் சீரம் ஒன்றையும் சேர்ப்பது இந்த நோயாளிகளுக்கு அவசியம். வெற்றுச் சீரத்தில் மருந்தின் இடத்தில் தெரிவது கீழ் எல்லையின் 20 விழுக்காட்டையும், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் இடத்தில் 5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது.

கேரி-ஓவர் (முந்தைய மாதிரியின் மிச்சம் அடுத்ததில் தெரிவது) இந்த மருந்துக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். 40 மி.கி./லி.-க்குப் பிறகு ஏற்றிய வெற்றுச் சீரத்தில் 0.05-க்கு மேல் தெரியக் கூடாது, அதாவது 0.125 விழுக்காடு. ஊசியின் வெளிப்புறத்திலும், மாதிரி ஏற்றும் வால்வின் ரோட்டர் சீலிலும் ஒட்டிக்கொள்ளும். ஊசி கழுவும் நீர்மத்தை மெத்தனால், தண்ணீர் சரிபாதியாக, 0.1 விழுக்காடு ஃபார்மிக் அமிலத்தோடு மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் போகாவிட்டால் ரோட்டர் சீல் கீறியிருக்கிறது.

நிலைப்புச் சோதனைதான் இந்த முறையின் உயிர்நாடி, பாதி உழைப்பு இங்கே போக வேண்டும். முழு ரத்தத்தில் மருந்தைச் சேர்த்து 0, 30, 60, 120 நிமிடம். சீரத்தில் அஸ்கார்பிக் அமிலத்தோடும் இல்லாமலும் 4, 8, 24 மணி நேரம். வயலில் 24 மணி நேரம். மூன்று முறை உறைந்து உருகல். -80 டிகிரியில் மாதக்கணக்கு. தாழ்ந்ததும் உயர்ந்ததுமான இரண்டு கியூ.சி. அளவுகளில், ஒவ்வொன்றும் மூன்று. ‘அறை வெப்பம்’ என்று 22 டிகிரி ஏ.சி. அறையில் செய்த சோதனை, மதுரையிலோ வேலூரிலோ கோடையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மாதிரி சேகரிப்பு மேசைக்குப் பொருந்தாது. 35 டிகிரியிலும் ஒரு வரிசை ஓட்ட வேண்டும். வார்டுக்குச் சொல்லும் கால எல்லை அந்த வரிசையிலிருந்துதான் வர வேண்டும்: சராசரி 15 விழுக்காடு விலகும் புள்ளிக்குப் பாதி நேரம் என்று வைத்தால் நடைமுறைக்கு இடம் கிடைக்கும்.

உண்மையான நோயாளி மாதிரிகளை மறுபடி ஏற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம். வழிகாட்டிப்படி முதல் ஆயிரம் மாதிரியில் 10 விழுக்காடு. இரண்டு எண்களின் வேறுபாடு சராசரியின் 20 விழுக்காட்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு மாதிரிகளிலாவது இருக்க வேண்டும். மருந்து சேர்த்த வெற்றுச் சீரத்தில் டீஅசிட்டைலும் இல்லை, ஐசோனியசிட்டும் இல்லை. அவை இருக்கும் இடத்தில் முறை தாங்குகிறதா என்பது இங்கேதான் தெரியும்.

எண்ணைப் படிப்பது

மாத்திரை போட்ட 2 மணி நேரத்தில் 3.1 மி.கி./லி., 6 மணி நேரத்தில் 6.4 என்றால் மருந்து உள்ளே போகிறது, தாமதமாகப் போகிறது. உணவோடு சேர்த்து விழுங்கினாரா என்று கேட்க வேண்டும். 2 மணியில் 2.9, 6 மணியில் 1.4 என்றால் உறிஞ்சலே குறைவு. இரண்டு எண்ணும் அளவீட்டின் கீழ் எல்லைக்குக் கீழே என்றால் முதல் சந்தேகம் முறையின் மீதல்ல, மாத்திரை விழுங்கப்பட்டதா என்பதில். சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்து எண்ணை மூன்றாவது வாரத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ரிஃபாம்பிசின் தன்னை அழிக்கும் வழிகளைத் தானே தூண்டிவிடும், சுமார் இரண்டு வாரத்தில் அளவு இறங்கி ஒரு நிலைக்கு வரும்.

அறிக்கையில் எண்ணோடு நான்கு நேரங்கள் அச்சாக வேண்டும்: மாத்திரை விழுங்கியது, ரத்தம் எடுத்தது, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தது, ஃப்ரீசரில் வைத்தது. 40-க்கு மேல் வந்த மாதிரியைக் கோட்டை நீட்டிக் கணக்கிடாமல், வெற்றுச் சீரத்தால் ஐந்து மடங்கு நீர்த்து மறுபடி தயாரிக்க வேண்டும்; அந்த நீர்ப்பும் ஐந்து பிரதிகளில் முன்பே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். குறித்த கால எல்லையைத் தாண்டி வந்த குழாயின் எண் தாழ்ந்திருந்தால், ‘தாழ்வு’ என்று முத்திரை குத்தாமல் புதிய மாதிரி கேட்பதே முறை. தாண்டி வந்தும் எண் 8-க்கு மேல் இருந்தால், அஸ்கார்பிக் அமிலம் முறைப்படி சேர்ந்திருக்கும்பட்சத்தில், ‘குறைந்தபட்சம் இவ்வளவு’ என்று குறித்து அனுப்பலாம்.